ஒரு பிடி மாவோட எடை

காலை நீட்டிப் படு. போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்க. நான் கதை சொல்லும்போது நீ 'ம்' கொட்டணும். 'ம்' நின்னுச்சுன்னா கதையும் நின்னுடும். அப்புறம் காலையில எழுந்து, அத்தை பாதியிலேயே விட்டுட்டான்னு உங்கப்பன்கிட்ட கோள் மூட்டக் கூடாது. சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு கரண்டிக்காரி இருந்தாளாம். அவளுக்குன்னு ஒரு பேரு இருந்துச்சு, ஆனா ஊர்ல யாரும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. எந்நேரமும் கையில ஒரு நீட்டுக் கரண்டி வச்சிருப்பா, அதனால கரண்டிக்காரி. அவ வாயும் கரண்டி நீளத்துக்கு இருக்கும். யாரு என்ன சொன்னாலும் பதிலுக்கு ரெண்டு சொல்லாம விட மாட்டா.

அந்த ஊர் அம்மன் கோயில்ல வருஷா வருஷம் தேர் ஓடும். தேர் ஓடுறதுக்கு முன்னாடி அம்மனுக்கு ஆயிரத்தொரு அதிரசம் படைக்கணும். படைச்சாத்தான் தேர் வடத்தையே தொடுவாங்க. அந்த அதிரசம் சுடுற உரிமை கரண்டிக்காரி வீட்டுக்குத்தான். அவ தாத்தா சுட்டாரு, அப்புறம் அப்பா சுட்டாரு. அப்பா போனப்போ தம்பி அரை நிஜார் போட்டுக்கிட்டுத் திரிஞ்சான், அதனால கரண்டி இவ கைக்கு வந்துச்சு. பொம்பள கையில கோயில் கரண்டியான்னு நாலு பேரு முணுமுணுத்தாங்க. மொத வருஷம் இவ சுட்ட அதிரசத்தைத் தின்னுட்டு, அந்த நாலு பேரும் இன்னொண்ணு குடுன்னு கையை நீட்டிக்கிட்டு வந்து நின்னாங்க. அதோட பேச்சு அடங்கிடுச்சு.

கல்யாணம் கார்த்திகைன்னு அவ எதையும் பண்ணிக்கல. தம்பியை வளர்த்தா, படிக்க வச்சா. வருஷத்துல ஒரு நாள், அந்த அதிரசத் தட்டு கோயிலுக்குள்ள போகும்போது ஊரே விலகி வழி விடும் பாரு, அந்த ஒரு நாளுக்காகத்தான் மத்த நாளெல்லாம் அடுப்பு முன்னாடி வெந்தா. அவளுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்.

அப்புறம் அவகிட்ட ஒரு படி இருந்துச்சு.

"படின்னா?"

ஏறுற படி இல்லடி. சாமான் அளக்குற பாத்திரம். பித்தளையில, இடுப்பு ஒடுங்கி, வாய் அகலமா இருக்கும். இப்பத்தான் எல்லாத்துக்கும் கிலோ, கிராம். அப்போ அரிசி, பருப்பு, மாவு எல்லாம் படிதான். ஆனா கரண்டிக்காரியோட படி கடையில விக்கிற படி இல்ல. அவ தாத்தா தனியா வார்க்கச் சொன்னது, கடைப்படியை விட ஒரு சுத்துப் பெரிசு. அந்தப் படிக்கு ஒரு படி மாவு, முக்கால் கிலோ வெல்லம். இதுதான் அதிரசக் கணக்கு. வெல்லம் கடையிலேயே எடை போட்டு வந்துடும். மாவை மட்டும் அந்தப் படியால அளக்கணும். அப்படி இருபது படி அளந்தா ஆயிரத்தொரு அதிரசம் வரும்.

அளக்கும்போது மொதல் படிக்கு 'ஒண்ணு'ன்னு சொல்ல மாட்டாங்க. 'லாபம்'னு சொல்லுவாங்க. லாபம், ரெண்டு, மூணு, நாலு, அப்படிப் போகும். ஆரம்பமே நல்ல வார்த்தையா இருக்கணும்ல, அதுக்கு. கோயில்ல அளக்கும்போது தலைமையா நிக்கிறவங்கதான் அந்த 'லாபம்' சொல்லணும், வேற யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கரண்டிக்காரி 'லாபம்'னு ஒரு குரல் குடுத்தான்னா குளத்தங்கரையில குளிக்கிறவனுக்கும் கேக்கும். ம் சொல்லு.

"ம்."

அப்போ, அவ தம்பிக்குக் கல்யாணம் ஆச்சு. பொண்ணு வேற ஊரு. அவங்க அப்பா நாட்டு மருந்துக்கடை வச்சிருந்தாரு. சுக்கு, திப்பிலி, அதிமதுரம்னு பொட்டலம் கட்டிக் கட்டி வளர்ந்த பொண்ணு. வரும்போது பெட்டியில புடவைக்கு நடுவுல என்ன கொண்டு வந்தான்னு நினைக்கிற? ஒரு தராசு. ரெண்டு பித்தளைத் தட்டு, நடுவுல ஒரு முள்ளு, ஒரு டப்பா நிறைய எடைக்கல்லு. அஞ்சு கிராம் கல்லு கூட இருந்துச்சு, உன் சுண்டு விரல் நகம் பெரிசுக்கு.

கரண்டிக்காரி அதைப் பார்த்தா, சிரிச்சா. "ஏ மருந்துக்கடை, ரசத்துக்கு மிளகை எண்ணிப் போடுவியா, நிறுத்துப் போடுவியா?"ன்னு கேட்டா. அன்னையில இருந்து அந்தப் பொண்ணுக்கு வீட்டுல பேரே மருந்துக்கடைதான். அந்தப் பொண்ணு "நிறுத்துத்தான் அண்ணி போடுவேன்"னு மட்டும் மெல்லச் சொல்லிட்டு மிளகை நிறுத்தா. அந்த ரசம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கரண்டிக்காரி நல்லாருக்குன்னு சொல்லணுமே, ரெண்டு தம்ளர் வாங்கிக் குடிச்சுட்டு உப்பு கம்மின்னு சொல்லிட்டுப் போனா.

அப்புறம் அந்த வருஷத் தேர் வந்துச்சு. தேருக்குப் பத்து நாள் முன்னாடி வெள்ளோட்டம் விடுவாங்க. வெள்ளோட்டம்னா, சாமியை ஏத்தாம சும்மா தேரை ஓட்டிப் பார்க்கிறது. அதுக்கு ஒரு வழக்கம் உண்டு. கரண்டிக்காரியோட படி நிறைய அரிசியைக் கொட்டி, சக்கரத்துக்கு முன்னாடி நெறைபடியா வச்சு, சூடம் காட்டுவாங்க. காட்டி முடிச்சதும் அவ அந்தப் படியைத் தூக்கிடணும். தூக்கினப்புறம்தான் தேர் நகரும்.

அன்னைக்கு சூடம் காட்டினாங்க. சிதறுகாய் உடைச்சாங்க, சடார் சடார்னு. அப்போ பார்த்து நம்ம கரண்டிக்காரிக்குப் பூக்காரரோட சண்டை. மாலையில ஒரு முழம் குறையுதுன்னு இவ, இல்லவே இல்லைன்னு அவரு. இவ முழங்கையை நீட்டி அளந்து காட்டுறா. அங்க வடத்தைப் புடிச்சு இழுத்துட்டாங்க. தேர் கடகடகடன்னு அசைஞ்சுச்சு, அப்புறம் நறுக்குன்னு ஒரு சத்தம்.

அரிசி தெருவெல்லாம் சிதறிக் கிடந்துச்சு. படி அப்பளமாப் போச்சு.

இப்ப சொல்லு, தப்பு யாரு மேல?

"கரண்டிக்காரி மேல."

ஆமா. ஆனா அவ ஒத்துக்கிட்டாளா? முட்டுக்கட்டை போடுற ஆளைத் திட்டுனா, வடம் புடிச்சவங்களைத் திட்டுனா, பூக்காரரை ரெண்டு தடவை திட்டுனா. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திட்டு அந்தத் தகட்டை மடியில வச்சுக்கிட்டு அழுதா. மருந்துக்கடைப் பொண்ணு ஜன்னல் வழியா பார்த்துச்சு, பார்த்தும் பார்க்காத மாதிரி போயிடுச்சு.

மறுநாள் தருமகர்த்தா வைத்தியலிங்கம் வந்தாரு. கோயில் விவகாரம் எல்லாம் அவர் பொறுப்பு. நல்ல மனுஷன்தான், ஆனா சாமி காரியத்துல பயம் ஜாஸ்தி. "இந்தா பாரும்மா, அளவு போச்சுன்னு ஊரு பேசுது. ஒம்பதாம் நாள் சாயங்காலம் அதிரசம் தட்டுல இருக்கணும். சந்தேகமா இருந்தா இப்பவே சொல்லிடு, பக்கத்து ஊர் கண்டியப்பன் வரேன்னு நிக்கிறான்"னாரு.

"கண்டியப்பன் சுட்டா அது அதிரசம் இல்ல, வரட்டி"ன்னா கரண்டிக்காரி. "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன், போங்க."

வாய் அப்படிச் சொல்லுச்சே ஒழிய, அவர் அந்தப் பக்கம் போனதும் விரல் விட்டு நாளை எண்ணுனா. கரண்டி ஒரு தடவை வேற கைக்குப் போச்சுன்னா திரும்பி வராது. அது அவளுக்கு நல்லாத் தெரியும். நாளும் இல்ல. அதிரசம்னா நினைச்ச உடனே ஆகுற காரியமா? அரிசியை ஊற வைக்கணும், ஈரத்தோட இடிக்கணும், சலிக்கணும், பாகு காய்ச்சி மாவைக் கொட்டிக் கிளறி ஒரு ராத்திரி வைக்கணும், அப்புறம்தான் சுட முடியும். ஒரு தடவை செஞ்சு பார்க்கவே ரெண்டு நாள் ஓடிடும். கடைசி மூணு நாளு ஆயிரத்தொண்ணுக்கு வேணும். ஆக, செஞ்சு பார்க்க மூணே மூணு தடவைதான் இருந்துச்சு. ம்?

"ம்."

மொதத் தடவை. கரண்டிக்காரி யோசிச்சா. படி போனா என்ன, அந்தப் படிக்கு அரிசி ஒன்றரை கிலோ புடிக்கும்னு எங்கப்பா சொல்லுவாரே. அரிசிதானே மாவு ஆகுது, அப்போ மாவும் ஒன்றரை கிலோதானே. அப்படின்னு அவளா முடிவு பண்ணிட்டா. மருந்துக்கடைப் பொண்ணு பக்கத்துல நின்னுச்சு. "அண்ணி, அரிசி கனமா அடைஞ்சு உட்காரும். சலிச்ச மாவு பொலபொலன்னு இருக்கும். அதே படிக்கு மாவு எடை கம்மியாத்தான் வரும்"னு சொல்லுச்சு.

"நீ மருந்தை நிறு, மாவை நான் பார்த்துக்கறேன்"னா இவ.

டொங்கு டொங்குன்னு இடிச்சா, சலசலன்னு சலிச்சா, ஒன்றரை கிலோ மாவை எடை போட்டு முக்கால் கிலோ வெல்லப் பாகுல கொட்டுனா. கொட்டும்போதே கரண்டி நகர மாட்டேங்குது. கூடுதல்னு தெரிஞ்சா நிறுத்த வேண்டியதுதானேன்னு கேப்ப. அது முடியாது. அம்மனுக்குன்னு அளந்ததைத் திருப்பி எடுக்கக் கூடாது, மேல போடவும் கூடாது, அளந்தது அளந்ததுதான். அது அந்த வீட்டு வழக்கம். அப்புறம் மறுநாள் சுட்டா. தருமகர்த்தா ஒண்ணை எடுத்துக் கடிச்சாரு. டக்குன்னு சத்தம் கேட்டுச்சு. அதிரசம் உடைஞ்ச சத்தம் இல்ல, அவர் பல்லு ஆடுன சத்தம்.

"தண்ணி குடுங்க"ன்னு மட்டும் சொன்னாரு, பாவம்.

சிரிச்சது போதும், கண்ணை மூடு.

ரெண்டாவது தடவை. கரண்டிக்காரி விடியக்காலம் எழுந்து சந்தைக்குப் போய்ப் புதுப்படி ஒண்ணு வாங்கிட்டு வந்தா. பளபளன்னு இருந்துச்சு. மருந்துக்கடைப் பொண்ணு பார்த்துட்டு, "இது சின்னப் படி அண்ணி"ன்னுச்சு. "எல்லாம் படிதான்"னா இவ. இடிச்சா, சலிச்சா, புதுப்படியில மாவை அள்ளுனா. பழைய படியில கோபுரமா குவிச்சுத்தான் அளப்பா, அது அவங்க அப்பா பழக்கம். ஆனா மொதத் தடவை மாவு கூடிப்போச்சுல்ல, அந்தப் பயம். இந்தத் தடவை படி வாயில கையை வச்சு சர்ருன்னு தலை தட்டி அளந்துட்டா. படியும் சின்னது, குவியலும் போச்சு. கேக்கணுமா?

பாகுல மாவு கொட்டினப்போ கரண்டி வழுக்கிட்டுப் போச்சு. மறுநாள் எண்ணெய் காய்ஞ்சது. ஒண்ணைத் தட்டி உள்ள போட்டா. சொய்ங்னுச்சு. அப்புறம் புசுபுசுன்னு நுரை கட்டுச்சு. அப்புறம் அதிரசத்தைக் காணோம். எண்ணெயில கரைஞ்சே போச்சு. இன்னொண்ணு போட்டா, அதுவும் காணோம். சட்டி நிறைய கருப்பாக் கசடுதான் மிதந்துச்சு.

அந்நேரம் பார்த்துக் கண்டியப்பன் வாசலுக்கு வந்தாரு. வெத்தலையைக் குதப்பிக்கிட்டு, "என்ன தாயி, அதிரசத்துல பாயசம் வச்சிருக்கியா?"ன்னு கேட்டாரு. கேட்டுட்டு, கோயில் பக்கத்துல இருக்கிற மடத்துலயே மூட்டையை இறக்கிட்டாரு, எப்படியும் தன்னைக் கூப்பிடுவாங்கன்னு.

கரண்டிக்காரி அடுப்பை அணைச்சா. வாழ்க்கையிலேயே மொதத் தடவையா அவளுக்குப் பதில் வரல.

"ம்."

நல்லா 'ம்' போடுற. கேளு. அன்னைக்கு அவ அடுப்பு முன்னாடி உட்கார்ந்துட்டா. மருந்துக்கடைப் பொண்ணு வந்து பக்கத்துல உட்கார்ந்துச்சு. "அண்ணி, ஒரே ஒரு படிக்கு ஆகுற பாகுக்கு, அளக்காம மாவு போட்டா உங்களுக்குப் பதம் தெரியுமா?"ன்னு கேட்டுச்சு.

"ஏன் தெரியாது? கரண்டி சொல்லும், கை சொல்லும். ஒரு படின்னா கையில அடங்கும். இருபது படி உருளியில நாலு ஆளு துடுப்பு போட்டுக் கிளறுவான், அங்க என் கை எங்க போகும்? அதுக்குத்தானே அளவு வேணும்."

"அப்போ ஒரு படிக்கு மட்டும் கை போன போக்குல போடுங்க. அம்மனுக்குன்னு இல்லாம நமக்குன்னு செய்வோம், அளந்தது அளந்ததுங்கிற பேச்சே இல்ல. மீதியை நான் பார்த்துக்கறேன்"ன்னுச்சு பொண்ணு.

கரண்டிக்காரி அதை நிமிர்ந்து பார்த்தா. வேற நாளா இருந்தா நாலு வார்த்தை கேட்டிருப்பா. அன்னைக்கு, "சரி"ன்னா.

அது மூணாவது தடவை. அதுக்கப்புறம் நாளே கிடையாது.

அரிசியை ரெண்டு பேருமா இடிச்சாங்க, ஆளுக்கொரு உலக்கை, டொங்கு டொங்கு, டொங்கு டொங்கு. சலிச்சதும் மருந்துக்கடைப் பொண்ணு தராசை எடுத்துச்சு. தட்டு கிணுங் கிணுங்னுச்சு. கொஞ்சம் கொஞ்சமா நிறுத்து ரெண்டு கிலோ மாவைச் சரியா ஒரு சட்டியில போட்டு, "இதுல இருந்து எடுத்துக்கங்க. எவ்வளவுன்னு நீங்க பார்க்க வேண்டாம்"ன்னு சொல்லிட்டு, தள்ளிப் போய் உட்கார்ந்துக்கிச்சு.

முக்கால் கிலோ வெல்லம் தளதளன்னு கொதிச்சு உருட்டுப் பதம் வந்துச்சு. கரண்டிக்காரி ஒரு கையால மாவை அள்ளிப் போட்டுக்கிட்டே மறு கையால கிளறுனா. அள்ளுனா, கிளறுனா. கரண்டி கனத்துச்சு. கொஞ்சம் இளகுச்சு. மறுபடி அள்ளுனா. ரெண்டு நாளா செத்துப் போயிருந்த முகத்துல ஒரு தெளிவு வந்துச்சு. "போதும்"னா. கரண்டியைக் கீழ வச்சா.

மருந்துக்கடைப் பொண்ணு மீதி மாவு இருந்த சட்டியை எடுத்து நிறுத்துச்சு. கல்லைப் போட்டுச்சு, எடுத்துச்சு, சின்னக் கல்லைப் போட்டுச்சு. முள்ளு நேரா நின்னுச்சு. "மீதி தொள்ளாயிரத்து அம்பது கிராம். அப்போ நீங்க போட்டது ஒரு கிலோ அம்பது கிராம் அண்ணி."

"ஒரு கிலோன்னு வச்சுக்க. அம்பது கிராம் கணக்கா?"

"கணக்குத்தான் அண்ணி. நீங்க ஒரு கிலோவுலயே கிட்டத்தட்ட நிறுத்திட்டீங்க. வாயால போதும்னு சொன்னப்புறம் உங்க கை இன்னொரு பிடி போட்டுச்சு."

"நானா? நான் போடவே இல்ல."

"போட்டீங்க."

"எனக்குத் தெரியாம என் கை போடுமாடி?"

பார்த்தியா, நாத்தனார் குரலை உசத்தினா மத்தப் பொண்ணுங்க எழுந்து கொல்லைப்பக்கம் போயிடும். இந்தப் பொண்ணு போகல. "இருபது படிக்கு இருபது பிடி அண்ணி. நிறுத்தா ஒரு கிலோ வரும். அந்த ஒரு கிலோ மாவை விட்டோம்னா ஆயிரத்தொண்ணும் எண்ணெயில கரைஞ்சுடும். நீங்க இன்னொரு பிடி அள்ளித் தட்டுல போடுங்க, பார்க்கலாம்"ன்னு தராசைத் தூக்கி முன்னாடி வச்சுச்சு. குரலும் நடுங்கல, முள்ளும் நடுங்கல.

கரண்டிக்காரி விடுக்குன்னு ஒரு பிடி அள்ளித் தட்டுல போட்டா. பொண்ணு இந்தப் பக்கம் அம்பது கிராம் கல்லை வச்சுச்சு. முள்ளு நேரா நின்னுச்சு.

"ஏதோ குருட்டாம்போக்குல வந்திருக்கும்"னா இவ. தட்டைக் கவிழ்த்துட்டு மறுபடி அள்ளுனா. அம்பது. கண்ணை மூடிக்கிட்டு அள்ளுனா. அதுவும் அம்பது.

அப்போ மருந்துக்கடைப் பொண்ணு அந்தக் கையையே பார்த்துச்சு. "எங்கப்பா நாப்பது வருஷமா கடையில நிறுக்கிறாரு அண்ணி. அவருக்குக் கூட தராசு இல்லாம கை இப்படி நிக்காது"ன்னுச்சு. அது முகஸ்துதிக்குப் பேசுற பொண்ணு இல்ல. உப்பு கம்மின்னா கம்மின்னு சொல்லும்.

கரண்டிக்காரிக்கு அப்பத்தான் நினைவு வந்துச்சு. சின்ன வயசுல அவங்க அப்பா படியில அளக்கும்போதே ஒவ்வொரு படிக்கும் ஒரு பிடி மேல போடுவாரு, அந்தப் பிடியும் அளவுலயே சேர்த்தி. ஏன்ப்பான்னு கேட்டா, அழைக்காம வர்றவங்களுக்கும்மான்னு சொல்லுவாரு. அதைப் பார்த்துப் பார்த்து இவ கைக்கும் அது வந்துடுச்சு. வாய் அதை ஒரு நாளும் யாருக்கும் சொன்னதில்ல, ஏன்னா வாய்க்கே அது தெரியாது. தராசுக்குத்தான் தெரிஞ்சுச்சு. அவ மாவுக் கையோட கண்ணைத் துடைச்சுக்கிட்டா, கன்னமெல்லாம் வெள்ளை அப்பிக்கிச்சு. "உன் தராசு எங்கப்பன் கையைக் கண்டுபுடிச்சுடுச்சுடி"ன்னா.

மறுநாள் அந்த மாவைத் தட்டிப் போட்டாங்க. சொய்ங்னுச்சு. உள்ள போச்சு, மேல வந்துச்சு, பொன்னிறமா உப்பிக்கிட்டு ஓரத்துல ஒரு மடிப்பு விட்டுச்சு. எடுத்து ரெண்டு கரண்டிக்கு நடுவுல வச்சு எண்ணெய் பிழிஞ்சாங்க. பிட்டா நூலு நூலா வந்துச்சு. ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி தின்னாங்க. கரண்டிக்காரி இன்னொண்ணை எடுத்து முழுசா அந்தப் பொண்ணு கையில குடுத்தா.

தூங்கிட்டியா?

"இல்ல. அப்புறம்?"

அப்புறம் பெரிய நாளு. கோயில் மடப்பள்ளி முன்னாடி உருளியை ஏத்தினாங்க. பாதி ஊரு வேடிக்கை பார்க்க வந்துச்சு. கண்டியப்பனும் வந்து தூண்ல சாஞ்சுக்கிட்டு நின்னாரு. மருந்துக்கடைப் பொண்ணு சுவத்துல கரியால கணக்குப் போட்டுச்சு. படிக்கு ஒரு கிலோ அம்பது, இருபது படிக்கு இருபத்தோரு கிலோ மாவு. படிக்கு முக்கால் கிலோ, இருபதுக்குப் பதினஞ்சு கிலோ வெல்லம். கோயில் பெரிய தராசைக் கொண்டு வந்து உத்தரத்துல கட்டித் தொங்க விட்டாங்க.

தருமகர்த்தாவுக்கு மனசு கேக்கல. "அம்மா, இத்தனை தலைமுறையாப் படியில அளந்தோம். கிலோவுல அளந்தா அம்மன் ஏத்துக்குமா?"ன்னாரு. ஒரு கையால கன்னத்தைப் புடிச்சுக்கிட்டேதான் கேட்டாரு, பல்லு இன்னும் சரியாகல.

கரண்டிக்காரி சொன்னா, "படி போச்சு ஐயா. அதைத் தேர் சக்கரத்துக்கு முன்னாடி விட்டுட்டுச் சண்டை போட்டது நான்தான். முட்டுக்கட்டைக்காரர் மேல தப்பில்ல, பூக்காரர் மேலயும் தப்பில்ல. மாலை கூட சரியாத்தான் இருந்துச்சு. ஆனா படிக்குள்ள இருந்த அளவு எங்கேயும் போகல, இந்தப் பொண்ணு அதைப் புடிச்சு வச்சிருக்கா. எங்கப்பா போட்ட பிடி மாவு முதக்கொண்டு இதுல இருக்கு. அம்மன் ஏத்துக்கலைன்னா கரண்டியைக் கண்டியப்பன் கையில நானே குடுத்துட்டுப் போறேன்."

அதுவரைக்கும் அவ வாயில இருந்து 'தப்பு என்னுது'ங்கிற வார்த்தை வந்து யாருமே கேட்டதில்ல.

மொதல் தட்டு மாவு தராசுல ஏறுச்சு. முள்ளு ஆடி ஆடி நேரா நின்னுச்சு. இப்ப லாபம் சொல்லணும். எல்லாரும் கரண்டிக்காரி வாயைப் பார்க்கிறாங்க. அவ திரும்பி, கும்பலுக்குப் பின்னால தராசுக் கல்லை வச்சுக்கிட்டு நின்ன பொண்ணைப் பார்த்தா. அன்னைக்கு வரைக்கும் மருந்துக்கடை மருந்துக்கடைன்னே கூப்பிட்டவ, மொதத் தடவையா அதோட பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. "அமுதவல்லி, இங்க வா. நீ கண்ட அளவு, நீ சொல்லு."

"அத்தை."

என்ன?

"அமுதவல்லி எங்க அம்மா பேரு."

ஆமா.

"அப்போ கரண்டிக்காரி நீயா? மாலை சரியா இருந்தும் சண்டை போட்டியா?"

கதையைக் கேளுடி, அதை எல்லாம் எதுக்குக் கிளறுற. உங்கம்மா வந்து நின்னா. பேசவே பயப்படுற பொண்ணு, அத்தனை ஜனத்துக்கு நடுவுல, 'லாபம்'னா. சின்னக் குரல்தான். குளத்தங்கரைக்கு எல்லாம் கேட்டிருக்காது. ஆனா என் காதுக்கு அன்னைக்கு அது மேளச் சத்தத்தை விடப் பெரிசாக் கேட்டுச்சு. அப்புறம் ரெண்டு, மூணு, நாலுன்னு நான் சொன்னேன். இருபத்தோரு கிலோவும் ஏறி இறங்கிச்சு. நாலு ஆளு துடுப்பு போட்டான். மாவு ஊறுச்சு, ஒம்பதாம் நாள் சுட்டோம். ஆயிரத்தொண்ணு. ஒண்ணு கூடக் கரையல, ஒண்ணு கூடக் கல்லாகல. தருமகர்த்தா நல்ல பக்கப் பல்லால கடிச்சுப் பார்த்துட்டு இன்னொண்ணு கேட்டாரு. கண்டியப்பன் மூணு தின்னாரு, தின்னுட்டு மடத்துல இருந்த மூட்டையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, "தாயி, உன் நாத்தனாரு... இல்ல இல்ல, உன் தம்பி பொண்டாட்டி எங்க ஊருக்கு வருவாளா?"ன்னு கேட்டாரு. "அவ எங்க வீட்டுப் பொண்ணு, எங்கேயும் வர மாட்டா"ன்னேன்.

மறுநாள் அதிரசத் தட்டைத் தலையில வச்சுக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாக் கோயிலுக்குள்ள போனோம். ஊரு விலகி வழி விட்டுச்சு. இத்தனை வருஷம் ஒருத்தியாப் போனவ நான். பக்கத்துல ஒரு ஆளு நடக்கிறது எவ்வளவு பெருமையா இருக்கும்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

"ம்."

கண்ணு சொக்குது உனக்கு. இன்னும் கொஞ்சம்தான். நீ பொறந்த அன்னைக்கு ஆஸ்பத்திரியில நர்ஸம்மா உன்னைத் துணியில சுத்தித் தராசுல வச்சாங்க. நீ கையைக் காலை உதைச்ச. முள்ளு ஆடுச்சு, ஆடுச்சு, நின்னுச்சு. "மூணு கிலோ அம்பது கிராம்"னு எழுதினாங்க. உங்கம்மா படுத்தபடியே என்னைப் பார்த்துச் சிரிச்சா. ரெண்டு பேருக்கும் தெரியும், அந்த அம்பது யாரு போட்ட பிடின்னு. நான் அந்த வார்டே அதிர 'லாபம்'னு ஒரு குரல் விட்டேன். நர்ஸம்மா சத்தம் போடாதீங்கன்னு திட்டுனாங்க. திட்டட்டும்.

'ம்' வரலையே. சரி சரி.

கதை அளந்தாச்சு, ஒரு பிடி மேலயும் போட்டாச்சு. தூங்குடி என் லாபமே.